புள்ளியும் இழையும் சுருளும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆண்டுகளில் இம்மேடையிலே குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். இவ்வாண்டு நம்மை அழைத்த செயலாளர் அவர்கள், எதைப் பற்றி வேண்டுமாயினும் பேசலாம், அரை மணிக்கு மேற்படாதிருந்தால் போதும் என்றார்கள். பத்தாம் வகுப்புத் தேறியதோடு பள்ளியை விட்டு நீங்கி, ரயில்வே சரக்கு அலுவலகத்திலே கட்டம் போட்ட பேரேடுகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட நாம், இலக்கியம் பேசப் புகுந்தால் அது அவையோருக்குத் தண்டனையாக முடியும். ஆதலின் நமக்குப் பழக்கமான கட்டத்தையே பொருளாக எடுத்துக்கொண்டோம். கட்டத்திலும் சுருளிலும் கணக்கை விதையாக ஊன்றிச் சித்திரம் முளைக்கச் செய்யும் ஒரு வித்தை உண்டு. அதனை மேனாட்டார் அல்காரிதக் கலை என்கின்றனர். பெயர்தான் புதிது. அந்தக் கலை இந்தக் காலனியில் மார்கழி மாதந்தோறும் விடியற்காலையில் வாசற்படியில் நிகழ்ந்து, எட்டு மணி டூட்டிக்குப் போகிறவர்களின் செருப்பால் அழிந்துபோகிறது.

அல்காரிதம் என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்னும் கணித அறிஞர், நம் இந்திய எண்களைக் கொண்டு கணக்குப் போடும் முறையைக் குறித்து நூல் எழுதினார். அந்நூல் லத்தீன் மொழிக்குச் சென்றபோது அவருடைய பெயரே திரிந்து, அம்முறைக்குப் பெயராகிவிட்டது. தமிழில் படிமுறை எனலாம். முதலில் இன்னது செய்க, பின்னர் இன்னது செய்க, இன்ன இடத்தில் நிறுத்துக என்று ஐயத்திற்கு இடமின்றி வகுத்த விதிவரிசையே படிமுறை. சமையற் குறிப்பும் படிமுறைதானே என்று கேட்கலாம். "உப்பு வேண்டிய அளவு" என்று எழுதியிருக்கும் வரையில் அது படிமுறை ஆகாது.

கோலத்தில் அந்தக் குறை கிடையாது. ஊரிலிருக்கும் தமக்கை தொலைபேசியில் "7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி" என்று சொன்னால், ஆயிரம் மைலுக்கு இப்பால் இருக்கும் தங்கை உடனே புள்ளி வைக்கத் தொடங்கிவிடுகிறாள். நடுவரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 6, பின் 5, பின் 4. ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்திய வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையே விழ வேண்டும். கூட்டிப் பார்த்தால் 37 புள்ளிகள். இம்மூன்று சொற்களுக்குள் முப்பத்தேழு புள்ளிகளின் இருப்பிடமும் அடங்கிவிட்டது. தந்தி அடிப்பதாயிருந்தாலும் இதைவிடச் சுருக்க முடியாது. அதையே "7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி" என்றால் 1, 3, 5, 7, 5, 3, 1 என 25 புள்ளிகள் வரும். இந்த 25ஐக் காகிதத்தில் வைத்து, காகிதத்தைக் கால் சுற்றில் பாதி திருப்பிப் பாருங்கள். நாலுக்கு நாலாகப் 16 புள்ளியுள்ள ஒரு சதுரமும், அதன் இடுக்குகளில் மூன்றுக்கு மூன்றாக 9 புள்ளியுள்ள மற்றொரு சதுரமும் கண்ணுக்குத் தெரியும். பதினாறும் ஒன்பதும் இருபத்தைந்து. பள்ளியில் செங்கோண முக்கோணத்திற்காக மனப்பாடம் செய்த கணக்கு, கோலத்திலே ஓசையின்றி உட்கார்ந்திருக்கிறது.

இனி இழைக்கு வருவோம். சிக்குக் கோலம் என்றும் நெளிக் கோலம் என்றும் வழங்குகிறோமே, அதிலே இழை புள்ளியைத் தொடாமல் வளைந்து செல்லும். நீள்சதுரமாகப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த எந்த இரு புள்ளிகளுக்கும் நடுவே இழை ஒன்றையொன்று வெட்டிச் செல்ல வேண்டும். ஓரப் புள்ளியை அடைந்தால் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே திரும்ப வேண்டும். இவ்வளவே விதி. இதற்குமேல் நம் விருப்பத்திற்கு இடமில்லை. கோலம் தானே முடிந்துவிடும். ஆனால் எத்தனை இழையில் முடியும்? எல்லாத் தாய்மாரும் ஒற்றை இழையில் முடிய வேண்டுமென்றே விரும்புவர். மூன்றுக்கு நாலாகப் புள்ளி வைத்தால் ஒரே இழையில் முடியும். நாலுக்கு ஆறு வைத்தால் இரண்டு இழை. ஐந்துக்கு ஐந்து வைத்தால் ஐந்து இழை. ஆறுக்கு ஒன்பது வைத்தால் மூன்று. இரண்டு எண்களையும் மீதமின்றி வகுக்கக்கூடிய மிகப் பெரிய எண் எதுவோ, அதுவே இழைகளின் எண்ணிக்கை. இது வேடிக்கையாக எப்போதோ ஒரு முறை நேர்வதன்று. எத்தனை பெரிய நீள்சதுரத்திற்கும் இது பொய்ப்பதில்லை.

அந்த மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க யூக்ளிட் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தந்த வழியைப் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழி, மறுபடி கழி, இரண்டும் சமமாகும் வரை கழி என்பது அதன் சாரம். கோலத்திலும் அவ்வாறே. நாலுக்கு ஆறில், நாலுக்கு நாலான ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தால் நாலுக்கு இரண்டு மிஞ்சும். அதிலே இரண்டுக்கு இரண்டை எடுத்தால் இரண்டுக்கு இரண்டு மிஞ்சும். இழை இரண்டு.

இரண்டு இழையாய் வந்துவிட்டதை ஒன்றாக்க முடியாதா? முடியும். வெவ்வேறு இழைகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் ஓரிடத்தைத் தேர்ந்து, அங்கே வெட்டவிடாமல் ஒன்றையொன்று முதுகு காட்டி வளையச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இழையை மாற்றாமல், ஒரே இழை தன்னைத் தானே வெட்டும் இடத்தில் கைவைத்தால், அது இரண்டாய்ப் பிரிந்துபோகவும் கூடும். ஆகவே எந்த இடம் என்று கண்டு தொடுவதிலே இருக்கிறது கைவண்ணம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார், விளக்கு வெளிச்சம்கூட இல்லாத வேளையில், இதைக் கண்ணாலேயே கண்டு செய்தார்கள். கணக்கு என்று அவர்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நம்மவர் கலையாயிற்றே என்று நாம் மிகைப்படுத்துவதாக எவரும் எண்ண வேண்டாம். மராட்டியத் தாய்மாரும் புள்ளி வைத்து ரங்கோலி இடுகிறார்கள். அதையும் தினந்தோறும் பார்க்கிறோம். ஆயினும் கோலத்தைக் கணிப்பொறி அறிஞரின் சபைக்கு முறையாக அழைத்துச் சென்றவர்கள் தமிழ்நாட்டார் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, தம் துணைவியார் ராணி சிரோமணியுடனும் கமலா கிருத்திவாசனுடனும் சேர்ந்து, 1974ஆம் ஆண்டில் கோலத்திற்கு ஓர் இலக்கணம் வகுத்து வெளியிட்டார். மொழிக்கு இலக்கணம் உண்டு. சில விதிகளைக் கொண்டு கணக்கற்ற வாக்கியங்களை அமைக்கிறோம். அவ்வாறே சிறிய கோலம் ஒன்றிலிருந்து, விதிப்படி வரிசை வரிசையாகப் பெருக்கி, எத்தனை பெரிய கோலத்தையும் அமைக்கலாம் என்று காட்டினார்கள். 1968இல் லிண்டன்மேயர் என்னும் அறிஞர் செடி வளர்வதை விளக்க வகுத்த விதிமுறையும், பின்னாளில் கோலத்திற்குப் பொருந்தக் காணப்பட்டது. செடிக்கும் கோலத்திற்கும் ஒரே இலக்கணம் பொருந்துவது வியப்புத்தான்.

கணிப்பொறி என்றவுடன், சென்ற பொங்கலன்று நம் காலனிக் கோலப்போட்டியில் எழுந்த வழக்கு உங்களுக்கு நினைவு வந்திருக்கும். அதைத் தொடாமல் ஒதுங்கிப் போகலாமென்றுதான் முதலில் எண்ணினோம். இரண்டு குடும்பத்தார் இன்றளவும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்பதால், தொட்டே ஆக வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எட்டுக்குப் பன்னிரண்டாக 96 புள்ளி வைத்து, ஒற்றை இழையில் சிக்குக் கோலம் இட்டாள். முதல் நாள் அதைக் கணிப்பொறியில் போட்டுப் பார்த்தாள் என்பது தெரிந்தவுடன், இயந்திரத்தின் கோலத்திற்குப் பரிசில்லை என்று போட்டிக் குழுவினர் ஒதுக்கிவிட்டனர். குழுவினரின் கவலை நமக்கு விளங்காமல் இல்லை. கடையில் விற்கும் ஒட்டுக்கோலத்தை வாங்கி வாசலில் ஒட்டிவிட்டுப் போகும் காலம் இது. இன்று கணிப்பொறிக்கு இடம் கொடுத்தால், நாளை அச்சடித்த தாளையே பரப்பிவிட்டுப் பரிசு கேட்பார்களே என்று அவர்கள் அஞ்சுகிறார்கள்.

ஆனால் அந்தப் பெண்ணின் கோலத்திலே இயந்திரம் செய்தது என்ன? எட்டையும் பன்னிரண்டையும் வகுக்கும் பெரிய எண் நாலு. ஆகவே இழை நாலு என்று எண்ணிச் சொல்லிற்று. அந்த நாலை ஒன்றாக்க மூன்று இடங்களில் வெட்டை மாற்ற வேண்டும். அந்தக் கோலத்தில் வெட்டும் இடங்கள் மொத்தம் 172. அவற்றுள் எந்த மூன்று என்று தேர்ந்தவள் அவள். ஒன்றை மாற்றுவதும், அழகு கெடுகிறது என்று கண்டால் பழையபடி வைப்பதுமாக அந்த மாலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் பனியில் குனிந்து மாவால் இட்டதும் அவளுடைய கைதான். விதியையும் அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். இயந்திரம் அதன்படி நடந்தது. நம் கருத்தில் பரிசுக்கு அவள் தகுதியுடையவளே. அச்சுத்தாளுக்கு அஞ்சுவோர் ஒரு நிபந்தனை விதிக்கட்டும். எவ்வாறு வரைந்தாலும் சரி, அதன் விதியை நடுவர் முன் வாயால் சொல்ல வேண்டும். தரையில் கையால் இட வேண்டும். ஒட்டுக்கோலம் வாங்கினவர் அதிலேயே நின்றுவிடுவார்.

கலைக்குள் இயந்திரம் புகுந்தால் மனிதனுக்கு வேலை இல்லை என்று சொல்பவர், அந்தக் கலையைத் தொடங்கியவர்களின் வரலாற்றை அறிவது நல்லது. ஹங்கேரியில் 1924இல் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்னார் அம்மையார், 1959 முதலே தம்மை ஓர் இயந்திரமாகப் பாவித்துக்கொண்டு, விதி எழுதி, அவ்விதிப்படி கையாலேயே கோடுகளையும் சதுரங்களையும் வரைந்து வந்தார். உண்மையான கணிப்பொறி அவர் கைக்குக் கிட்டியது 1968இல்தான். 2023இல் மறையும் வரை அவர் இந்த வேலையை விடவில்லை. ஜெர்மனியில் கியார்க் நீஸ் என்பவர் 1965இல் ஸ்டுட்கார்ட் நகரில் கணிப்பொறிச் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தார். அவருடைய புகழ்பெற்ற சித்திரம் ஒன்றில் வரிசைக்கு 12 சதுரமாக 22 வரிசைகள். மேல் வரிசையில் சதுரங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒழுங்காக நிற்கின்றன. கீழே வரவர ஒவ்வொன்றும் சற்றே சாய்கிறது, நகர்கிறது. கடைசி வரிசைகளில் எல்லாம் கலைந்து சிதறிக் கிடக்கின்றன. எவ்வளவு சாய வேண்டும் என்பதைக் குலுக்குச் சீட்டு எடுப்பதுபோல் இயந்திரம் தீர்மானித்தது. ஆனால் கீழே வரவரக் கலைப்பு மிகுந்துகொண்டே போக வேண்டும் என்று தீர்மானித்தவர் நீஸ். சித்திரத்திற்கு அவர் இட்ட பெயர் 'ஷோட்டர்'. உடைத்த சரளைக் கல் என்று பொருள். அதாவது நம் தண்டவாளத்தின் அடியில் கொட்டியிருக்கும் ஜல்லிதான். ரயில்வேக்காரருக்கு அந்தச் சித்திரத்தை விளக்க வேறு உரை வேண்டியதில்லை.

சுருளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். கட்டமும் சுருளும் ஒன்றாகச் சேர்ந்த கதை ஒன்று உண்டு. குமாஸ்தாக்களுக்கு அது மிகவும் பிடிக்கும். 1963ஆம் ஆண்டில் ஸ்டானிஸ்லா உலாம் என்னும் கணித அறிஞர், நீண்ட, சலிப்பூட்டும் ஓர் உரையைக் கேட்டுக்கொண்டு ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். (இந்த உரையை அல்ல என்று நம்புகிறோம்.) பொழுதுபோக்காகக் கட்டத்தாளில் நடுக்கட்டத்தில் 1 எழுதினார். அதன் வலப்புறம் 2, அதற்கு மேலே 3, பின் இடப்புறமாக 4, 5, கீழ்நோக்கி 6, 7, மறுபடி வலப்புறமாக 8, 9, 10 என்று நத்தைக் கூடுபோல எண்களைச் சுற்றிக்கொண்டே போனார். பின்னர்ப் பகா எண்களை, அதாவது ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாத 2, 3, 5, 7, 11, 13 முதலியவற்றை மட்டும் வட்டமிட்டார். பகா எண்கள் ஒழுங்கின்றி வருவன என்பது உலகறிந்தது. ஆனால் அந்தத் தாளிலே அவை மூலைவாட்டுக் கோடுகளில் வந்து வரிசை பிடிக்க முயன்றன!

இரண்டைத் தவிர மற்றப் பகா எண்களெல்லாம் ஒற்றைப்படை; ஒற்றைப்படை எண்கள் சதுரங்கப் பலகையில் ஒரே நிறக் கட்டங்களைப் போல மூலைவாட்டில்தான் அமரும். ஆகவே பாதி வியப்பு அங்கேயே தீர்ந்துபோகிறது. மீதிப் பாதி தீரவில்லை. ஏனெனில் சில மூலைக் கோடுகளில் பகா எண்கள் மிக அடர்ந்தும், சிலவற்றில் மிக அருகியும் காணப்படுகின்றன. லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் கணிப்பொறியைக் கொண்டு பல்லாயிரம் எண்களுக்கு இச்சுருளை வரையச் செய்தபோதும் அக்கோடுகள் மறையவில்லை. 1964 மார்ச் மாதத்தில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் மேலட்டையில் அப்படம் வெளிவந்தது. நம் பிள்ளைகள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நடுவில் 1க்குப் பதிலாக 41ஐ எழுதித் தொடங்குங்கள். நடுவை ஊடறுத்துச் செல்லும் ஒரு மூலைக் கோட்டில் 41, 43, 47, 53, 61 என்று இருபுறமும் மாறி மாறி வரும். 1601 வரையில் அக்கோட்டிலுள்ள நாற்பது எண்களும் பகா எண்களே. அடுத்ததாகிய 1681இல் முறை முறிந்துவிடும். அது 41ஐ 41ஆல் பெருக்கிய எண். பழைய பேரேட்டின் எழுதாத பக்கங்களில் நாமே இதைப் போட்டுப் பார்த்தோம். தாள் கொள்ளவில்லை, பசை போட்டு ஒட்டி ஒட்டி விரித்தபோது சாப்பாட்டு மேசையை மறைத்துவிட்டது.

இயற்கையிலும் சுருள் உண்டு. சூரியகாந்திப் பூவின் நடுவட்டத்தில் விதைகள் இரு திசையிலும் சுருள்களாக நிற்பதைக் காண்பீர்கள். எண்ணினால் 34ம் 55ம், அல்லது 55ம் 89ம் பெரும்பாலும் கிடைக்கும். முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை இது. இத்தாலியின் பிபோனாச்சி 1202இல் எழுதியதால் அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் செய்யுளில் குறிலும் நெடிலும் எத்தனை வகையாக அமையும் என்று எண்ணப் புகுந்த நம் நாட்டு யாப்பு அறிஞர்கள், விரகாங்கரும் ஹேமசந்திரரும், அவருக்கு முன்பே இவ்வெண்களை அறிந்திருந்தனர். ஃபோகல் என்பவர் 1979இல் இப்பூவை வரைய எளிய விதி ஒன்று தந்தார். ஒவ்வொரு விதைக்கும் ஏறக்குறைய 137½ பாகை திரும்புக. நடுவிலிருந்து அதன் தொலைவு, அதன் எண்ணின் வர்க்கமூலமாக இருக்கட்டும். முதல் விதை ஓர் அங்குலத்தில் என்றால் 4ஆவது 2 அங்குலத்தில், 9ஆவது 3 அங்குலத்தில், 16ஆவது 4 அங்குலத்தில். வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் பரப்பு நாலு மடங்காகுமல்லவா? அதனால் ஒவ்வொரு விதைக்கும் சம இடம் கிடைக்கிறது. பாகையை 120 என்று வைத்துப் பாருங்கள். விதைகள் மூன்று கம்பிகளில் வரிசையாய் நின்று, இடையெல்லாம் வெறுமையாய்க் கிடக்கும். 137½க்கு வந்தால்தான் வட்டம் நிறைகிறது. பாகைமானியும் அட்டையும் ஒரு பெட்டிக் குண்டூசியும் போதும், கணிப்பொறி வேண்டாம்.

கணிப்பொறி இருக்கும் வீடுகளில் இன்னும் எளிது. 1967இல் தொடங்கிய லோகோ என்னும் மொழியின் வழியில், திரையில் ஓர் ஆமையை நடக்கவிட்டுப் பிள்ளைகள் படம் வரையலாம். இன்று பள்ளிகளில் கற்பிக்கும் பைத்தான் மொழியிலும் அந்த ஆமை உண்டு. ஒரு முழம் நட, வலப்புறம் 90 பாகை திரும்பு, அடுத்த நடையில் சற்றே கூடுதலாக நட என்று சொல்லிக்கொண்டே போனால் சதுரச் சுருள் வரும். 90ஐ 91 ஆக மாற்றுங்கள். ஒரு பாகை என்பது கண்ணுக்கே தெரியாத சாய்வு. ஆயினும் சுருள் முழுவதும் முறுக்கிக்கொண்டு, நாலு மூலைகளும் நாலு வளைந்த கைகளாகிவிடும்.

இதையெல்லாம் நம் தளத்தில் வசிக்கும் பெரியம்மாள் ஒருவரிடம் ஒரு மாலை சொல்லிக்கொண்டிருந்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டார். "கோலம் எறும்புக்குச் சோறு ஆச்சே. உங்கள் பெட்டியிலே எறும்பு எதைத் தின்னும்?" நம்மிடம் அதற்கு விடையில்லை, இருப்பதாக நடிக்கவும் விரும்பவில்லை. திரையில் தோன்றும் கோலம் கோலத்தின் கணக்குத்தான். அரிசி மாவும் ஈரத்தரையும் விடியற்காலையும் அதில் கிடையாது.

ஆனால் அவ்வம்மையாரின் கைகளில் இருப்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் இட்டும், ஒரு மாதத்திற்குள் ஒரு கோலத்தை மறுபடி இட்டு நாம் பார்த்ததில்லை. ஒரு தாளிலும் அவர் எழுதி வைக்கவில்லை. பெயர் கேட்டால் பாதிக்குப் பெயர் தெரியாது என்கிறார். கை போன வழியில் போகும் என்கிறார். அவருடைய மகனுக்கு வருகிற மே மாதம் பணி ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார்கள். ரயில்வே காலனியில் எவரும் நிலையாக இருப்பதில்லை. மாற்றலும் ஓய்வும் வந்துகொண்டேயிருக்கும். ஒவ்வொரு முறை ஒரு வீடு காலியாகும்போதும், சாமானோடு சேர்ந்து, பட்டியலில் ஏறாத இந்தச் சரக்கும் வண்டி ஏறிப் போகிறது. நாலாவது மாடியில் வாசலே இல்லாத வீட்டில் பிறந்து வளரும் பெண்கள் அதைப் பார்த்துக் கற்கவும் வழியில்லை.

ஆகவே சங்க நிர்வாகிகளின் அனுமதியோடு ஒரு வேண்டுகோள். கட்டத்தாள் நோட்டுப் புத்தகங்கள் இரண்டு வாங்கி வாசகசாலை மேசையில் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 12 மணி வரை அங்கே இருப்போம். மூத்த தாய்மார் வந்து கோலம் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் புள்ளி எத்தனை, எதுவரை, நேரா இடையா, இழை எத்தனை, எங்கெங்கே வெட்டாமல் வளைகிறது என்பவற்றைக் குறிக்க வேண்டும். யார் வீட்டுக் கோலம் என்பதையும் எழுதலாம். சொன்ன பரிசுக்குரிய மாணவி, எழுதியவற்றைக் கணிப்பொறியில் சரிபார்த்துத் தர இசைந்திருக்கிறாள். அவளை ஒதுக்கிய போட்டிக் குழுவினரில் ஒருவர் தம் தாயாரை முதல் ஞாயிறன்று அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேற்படி பெரியம்மாளும் வருவதாக வாக்களித்திருக்கிறார்கள். தாளில் வரைய மாட்டார்களாம், தரையில்தான் இடுவார்களாம். வாசகசாலை முற்றத்தைக் கழுவிவிட ஏற்பாடு செய்திருக்கிறோம். பென்சில் நாம் தருகிறோம். அழிரப்பரை அவரவர் கொண்டுவருக. அது நிறைய வேண்டியிருக்கும்.